தோல் பையா, வீகன் பையா: தையல் எதில் நிற்கிறது?

திருநெல்வேலி சிந்துபூந்துறையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். சோற்றுப் பாத்திரம், கோப்புகள், குடை எல்லாவற்றையும் தாங்கும் ஒரு தோள்பை எனக்கு இன்றியமையாதது. 2017-இலும் 2019-இலும் ‘வீகன் லெதர்’, அதாவது விலங்குத் தோல் கலக்காத செயற்கைத் தோல், என்று அச்சிட்ட அட்டை தொங்கிய பைகளை வாங்கினேன். 2021-இன் இறுதியில் மாட்டுத்தோல் பைக்கு மாறினேன். இரண்டையும் சுமந்து பார்த்தவன் என்ற முறையில், நான் தோலின் பக்கம் நிற்கிறேன்.

விலை, எடை, நிறங்களின் வகை ஆகிய மூன்றிலும் வீகன் பை முந்துகிறது. என் வீகன் பைகள் தலா 1,300 ரூபாய்க்குள் அடங்கின. தோல் பைக்கு 4,200 ரூபாய் கொடுத்தேன். புதிதாக இருக்கும்போது தோற்றத்தில் பெரிய வேறுபாடும் இல்லை.

வேறுபாடு பழுதாகும் விதத்தில்தான் இருக்கிறது. கடைகளில் வீகன் தோல் என்று கிடைப்பதில் பெரும்பகுதி, துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் பூசிய பொருள். நாம் ரெக்சின் என்று பழகிய பி.வி.சி. பூச்சின் இளைய உறவு. பாலியூரித்தேனில் மலிவான வகைகளைக் காற்றிலுள்ள ஈரம் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. சித்திரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறி வரும் நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. என் முதல் பை, தோளில் உராயும் பட்டையில் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்தது. இரண்டாவது பையோ, 2020-இன் ஊரடங்கில் பெரும்பாலும் பீரோவுக்குள்ளேயே இருந்தது. மறு ஆண்டு வெளியே எடுத்தபோது, தொட்ட இடமெல்லாம் கையில் கறுப்புத் தூளாக ஒட்டியது. பத்திரமாக வைத்திருந்தால் நீடிக்கும் என்ற என் நம்பிக்கை அன்றோடு போயிற்று.

உரிந்ததைவிட என்னை வருத்தியது, அதைச் சரிசெய்ய வழியில்லாததுதான். முதல் பையின் பட்டை பிய்ந்தபோது, சந்திப்பு அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தோலா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் தச்சுத் தருவேன். இதுல ஊசி குத்துன எடத்துலேயே கிழிஞ்சுல்லா போகும்” என்றார். தோலில் நுண்ணிய நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால், குத்திய துளையைச் சுற்றி அவை நூலைப் பிடித்துக்கொள்கின்றன. மேல்படலம் உரிந்துவிட்ட பையிலோ நூலைத் தாங்க மெல்லிய துணி மட்டுமே எஞ்சுகிறது. இந்த ஒன்றுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தோல் பை ஓர் இரவு முழுவதும் நீரில் கிடந்தது. சேற்றைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாள்களைத் திணித்து, வெயில் படாமல் நிழலில் பல நாள் உலர்த்தினேன். நிறம் ஓரிரு இடங்களில் திட்டாகிவிட்டது, அடித்தையல் விட்டுப்போனது. அதே பெரியவர் மெழுகு நூலால் அதைத் தைத்துக் கொடுத்தார். பை இன்றும் என் தோளில் இருக்கிறது.

தோலுக்குப் பராமரிப்பு வேண்டும் என்பதை மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். வாரம் ஒருமுறை காற்றாட வைத்து உலர்ந்த துணியால் துடைக்கிறேன், கோடைக்கு முன் சிறிதளவு விளக்கெண்ணெய் தடவுகிறேன். எண்ணெய் பட்டால் நிறம் அடர்ந்துவிடும்; வெளிர்நிறப் பை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உயிர்க்கொலை கூடாது என்பதற்காகத் தோலைத் தொடாதவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது; செல்லவும் வேண்டியதில்லை. என் தங்கை அப்படிப்பட்டவள். அவளுக்கு நான் சொன்னது, பூச்சுப் பையைவிடக் கெட்டியான கான்வாஸ் பையை வாங்கு என்பதே. அதில் தையல் நிற்கும். சுற்றுச்சூழலை முன்வைப்பவர்களின் கவலையும் நியாயமானது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை, 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பிலேயே காணலாம். இன்று பெரும்பாலான தோல் குரோம் உப்பால் பதனிடப்படுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. நம் செம்மண் காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரைதான். தாவரப் பட்டையால் பதனிட்ட தோல் கிடைக்குமானால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் அதையே நான் வாங்குவேன்.

அன்னாசி இலை நாரிலிருந்து செய்யும் பினாடெக்ஸ், கேரளத்தில் தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்துச் செய்யும் மலாய் போன்றவற்றை நான் சுமந்து பார்த்ததில்லை. என் குறைகூறல் பூச்சுப் பைகளுக்கு மட்டுமே உரியது.

தோல் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் துகள்களை அரைத்துப் பசையால் ஒட்டி, மேலே அதே பாலியூரித்தேனைப் பூசி, தோல் என்றே விற்கிறார்கள், அதுவும் உரியும். பட்டையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நார் நாராகத் தெரிந்தால் எடுங்கள், துணியும் படலமும் அடுக்காகத் தெரிந்தாலோ, விளிம்பு முழுவதும் வண்ணம் பூசி மூடியிருந்தாலோ, கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுங்கள்.