நோவிகிராட் கடலா, கரீன் கடலா?

குரோவேஷியாவில் சாடர் நகருக்குக் கிழக்கே, வெலெபித் மலையின் காலடியில் இரண்டு குட்டிக் கடல்கள் இருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஏரி என்றே தோன்றும். ஆனால் அங்கே இரண்டுக்கும் பெயர் ‘மோரே’தான், அதாவது கடல். அட்ரியாட்டிக் கடலோடு தொடர்பு அறாத உப்புநீர் என்பதால் பெயரில் தப்பில்லை.

மலையை ஒட்டி நீளும் குறுகலான கடற்பகுதியான வெலெபித் கால்வாயிலிருந்து ஒரு குறுகிய பிளவு வழியாக நோவிகிராட் கடலுக்குள் நுழைய வேண்டும். அதன் உள்ளே இன்னொரு பிளவு. அதற்கு அப்பால் கரீன் கடல். இந்தப் பிளவுகளை ‘ழ்திரிலோ’ என்கிறார்கள், தொண்டை என்று பொருள்படும் சொல். உருளைக்கிழங்கு மாதிரி பெரிதும் சிறிதுமாக இரண்டு குளங்கள், நடுவில் தொண்டை. சுண்ணாம்புக் கல் நாட்டின் பள்ளங்களில், பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது தண்ணீர் ஏறியதன் விளைவு இது.

நோவிகிராட் கடல் சுமார் 29 சதுர கி.மீ. கரீன் அதில் கால் பங்குகூடத் தேறாது. ஆனால் உண்மையான வித்தியாசம் பரப்பில் இல்லை, ஆற்றில் இருக்கிறது. நோவிகிராட் கடலில் வந்து விழுவது 69 கி.மீ. நீளமுள்ள ஸ்ர்மான்யா. செங்குத்தான பள்ளத்தாக்கைக் குடைந்துகொண்டு வரும் ஆறு. படகில் ஒப்ரோவாட்ஸ் ஊர் வரை அதில் ஏறிப் போகலாம். அதன் நன்னீர் உப்புநீரோடு கலப்பதால் சிப்பிகளுக்கு இரை பஞ்சமில்லை. நோவிகிராட் சிப்பிக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. பூண்டு, வெள்ளை ஒயின், பார்ஸ்லி போட்டு மூடி வைத்தால் ஓடு தானே வாய் பிளக்கும். அடியில் தங்கும் சாற்றை ரொட்டியால் வழித்துத் தின்பதற்காகவே பாதிப் பேர் அதைக் கேட்பார்கள் என்பது என் சந்தேகம்.

கரீனுக்கு வாய்த்தது கரீஷ்னித்சா என்ற சின்ன ஓடை. அது கடலில் சேரும் இடத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் நிற்கிறது. ஆழம் குறைவு, கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். கரையோரச் சேறு மருந்து என்று சொல்லி உடம்பெல்லாம் கறுப்பாகப் பூசிக்கொண்டு காயப்போடுகிறார்கள். மருந்தோ இல்லையோ, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் மஸ்லெனித்சா பாலங்கள். இவை நோவிகிராட் கடலின் வாசலில் இருப்பதால் கரீனுக்கு இந்தப் பெருமை கிடையாது. 1961-இல் கட்டிய இரும்புப் பாலம் 1991 நவம்பரில் போரில் தகர்க்கப்பட்டது. 2005-இல் அதே இடத்தில் மறுபடி எழுந்தது. அதற்கு முன்பே, 1997-இல், பக்கத்தில் நெடுஞ்சாலைக்கான கான்கிரீட் பாலம் வந்துவிட்டது. மலையிலிருந்து ‘புரா’ என்ற குளிர்காற்று பாய்ந்து இறங்கும் நாள்களில் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

சரி, ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால்? நான் நோவிகிராட் பக்கம். ஆறு, சிப்பி, 1387-இல் ஹங்கேரி அரசி எலிசபெத் சிறையிலேயே கொல்லப்பட்ட கோட்டையின் இடிபாடு எல்லாம் ஒரே ஊரைச் சுற்றிக் கிடைத்துவிடும். நீந்தத் தெரியாத பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் மட்டும் கரீன். மாற்றுத்துணி இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சேறு லேசில் போகாது.