சின்லோன் ஆடும் முட்டிக்கு எந்த ஒட்டு?

அக்கா மகன் ரங்கூனில் சின்லோன் ஆடுகிறவன்; பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டும் பர்மிய ஆட்டம் அது. சுழன்று குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டிக்குள் ‘டப்’ என்றது. எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைக்கும் ஜவ்வு, அறுந்திருந்தது. உடம்பின் வேறு இடத்து நாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள்; அதுதான் ஒட்டு. “மாமா, எதை எடுத்து வைச்சா சீக்கிரம் ஒட்டும்?” என்று கேட்டான். அவனுக்காக விசாரித்ததை இங்கே எழுதுகிறேன்.

புது ஜவ்வு இரண்டு இடத்தில் தேற வேண்டும். எலும்பில் துளைத்த குழாய்க்குள் அது பிடிக்க வேண்டும். மூட்டுக்குள் இருக்கும் பகுதி வேறு கதை: முதலில் அதன் செல்கள் செத்து, புது ரத்தக் குழாய்கள் ஊடுருவி, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், மேலும் ஆகலாம். வலி போன பிறகும் உள்ளே பலம் வந்திருக்காது. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

குழாய்க்குள் பிடிப்பதை மட்டும் பார்த்தால் முட்டிச் சில்லுக்குக் கீழேயுள்ள நாணுக்குத்தான் முதலிடம். இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பதால் எலும்போடு எலும்பு சேர்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் போதும். தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங் நாணுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் சில்லு நாணை எடுத்தால் முட்டி போடும்போது முன்பக்கம் வலிக்கும், சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கும். பயாவில், அதாவது புத்தர் கோயிலில், மண்டியிட்டுக் கும்பிடும் ஊரில், முட்டியாலேயே பந்தைத் தட்டும் ஆட்டத்தில், இது சின்ன விஷயம் இல்லை.

சரி, ஹாம்ஸ்ட்ரிங்? தழும்பு சிறிது, முன்வலி குறைவு. ஆனால் முட்டியை முழுக்க மடக்கும் பலம் குறையும். முதுகுக்குப் பின்னால் வரும் பிரம்புப் பந்தைக் குதிகாலால் தட்ட அந்த மடக்குதான் வேண்டும். அதனால் இவனுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: சில்லுக்கு மேலே உள்ள குவாட்ரிசெப்ஸ் நாண். தடிமனானது, முன்வலியும் குறைவு. தொடையின் முன்தசை பலம் திரும்பத்தான் பொறுமை வேண்டும். செய்து பழகிய டாக்டராகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், ஒட்டுவதற்கு உதவும் கூடுதல் வேலைகள். எனக்குப் பிடித்தது பழைய ஜவ்வின் அடித்தண்டை வெட்டி எறியாமல் விடுவது. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் மிச்சம் இருக்கும். புது ஜவ்வின் மேல் போர்வையாகி, துளைவாயில் மூட்டுநீர் கசிவதையும் தடுக்கலாம். தண்டு பெரிதாக இருந்தால் சதை திரண்டு காலை நீட்டவிடாமல் தடுக்கும் ஆபத்து உண்டு. துளை சரியான இடத்தில் விழுகிறதா என்பதையும் மறைக்கும். துளை இடம் தவறினால் வேறு எந்த உபாயமும் காப்பாற்றாது. ஹாம்ஸ்ட்ரிங்தான் என்றால், கீழ்க்கால் எலும்போடு ஒட்டியிருக்கும் முனையை அறுக்காமலே வைப்பதும் உண்டு. ரத்த ஓட்டம் கொஞ்சம் மிஞ்சும்.

பிஆர்பி ஊசிக்கு, அதாவது நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துப் போடும் ஊசிக்கு, காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். சில ஆய்வுகளில் எம்ஆர்ஐ படம் நன்றாகத் தெரிகிறது, ஆடுகிற காலில் அந்த நன்மை உறுதியாகத் தெரியவில்லை. அறுவையின்போதே முட்டியின் வெளிப்பக்கம் தைக்கும் கூடுதல் நார்ப்பட்டைக்குத் தருவேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் 14 முதல் 25 வயது வரை உள்ள 618 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் ஒட்டு இரண்டு ஆண்டுக்குள் அறுந்தது 11 சதவீதம். பட்டையும் போட்டவர்களில் 4 சதவீதம். அது ஒட்டை வளர்க்காது, வளரும் வரை திருகாமல் காக்கும். குவாட்ரிசெப்ஸ் ஒட்டுக்கும் அதே அளவு உதவுமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குவாட்ரிசெப்ஸ் ஒட்டு எத்தனை செய்திருக்கிறீர்கள், பழைய தண்டு மிஞ்சியிருக்கிறதா, இவனுக்கு வெளிப்பட்டை வேண்டுமா? நாலாவதை அவனே பென்சிலால் சேர்த்தான்: “எப்போ ஆடலாம்?” ஒன்பது மாதத்துக்கு முன்னால் இல்லை என்று அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.