போர்ட்ரெய்ட் ஷூட்டுக்குப் போகும் முன்: எதை எடுப்பது, எதை விடுவது

போட்டோகிராஃபரிடம் தேதி வாங்கியாயிற்று, முன்பணமும் கட்டியாயிற்று, அப்புறம்தான் குழப்பம் ஆரம்பிக்கும். ஸ்டுடியோவா வெளியிலா, வெள்ளைச் சட்டையா கட்டம் போட்டதா, கண்ணாடியைக் கழற்றலாமா, மேக்கப்புக்கு ஆள் வைக்கலாமா? இதில் எதற்கும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எதைத் தேர்ந்தெடுத்தால் முகம் முன்னால் நிற்கும்? படத்தைப் பார்க்கிறவரின் பார்வை முதலில் நம் கண்ணுக்கு வர வேண்டும். சட்டைக்கோ நகைக்கோ பின்னால் இருக்கிற மரத்துக்கோ போய்விட்டால் பணம் வீண்.

உடையில் ஒற்றை நிறமா டிசைனா என்றால், ஒற்றை நிறம்தான், சந்தேகமே வேண்டாம். பெரிய பூ, அகலமான பட்டை என்றால்கூட ஒப்பேற்றிவிடலாம். நெருக்கமான மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் வேண்டவே வேண்டாம். கேமரா சென்சாரில் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. துணியின் கோடுகளும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் வந்து அமைந்தால், நேரில் இல்லவே இல்லாத அலை அலையான பட்டைகள், சில நேரம் வானவில் நிறத்தில், சட்டை முழுக்கத் தெரியும். மோய்ரே என்பார்கள். எடிட்டிங்கில் அதைச் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு. நிறத்தைப் பொறுத்தவரை தூய வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் நடுவில் இருங்கள்: அடர்நீலம், மெரூன், பாட்டில் பச்சை, சாம்பல். வெள்ளை முகத்தைவிடப் பளிச்சென்று முன்னால் வரும். கறுப்புச் சட்டையும் கறுத்த பின்னணியும் சேர்ந்தால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசென்ட் நிறங்களில் இன்னொரு தொல்லை, துணியில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து மோவாய்க்கு அடியிலும் கழுத்திலும் அதே நிறத்தைப் பூசிவிடும்.

புதுசா பழசா? நன்றாகப் பொருந்துகிற பழசு. புதுசுதான் போடுவேன் என்றால் வீட்டில் ஒரு மணி நேரமாவது போட்டுக்கொண்டு உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், காலர் கழுத்தில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் லூசாக இருந்தால் முதுகுப் பக்கம் ஒரு கிளிப் போட்டுச் சமாளிக்கலாம், இறுக்கமாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போவதைவிட ஹேங்கரில் மாட்டி எடுத்துப்போய் அங்கே மாற்றுவது எவ்வளவோ மேல். சீட் பெல்ட் போட்ட இடத்தில் மார்புக்குக் குறுக்கே விழுகிற மடிப்பு படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

ஸ்டுடியோவா வெளியிலா என்பது படம் எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. அலுவலக இணையதளம், லிங்க்ட்இன், விண்ணப்பம் என்றால் ஸ்டுடியோ. மழை வெயில் கவலை இல்லை, அடுத்த வருடம் குழுவில் புதிதாகச் சேர்கிறவருக்கும் அதே வெளிச்சத்தில் எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம். விளக்குக்கு முன்னால் நின்றாலே உடம்பு விறைத்துப் போகிறவர்களுக்கு வெளியிடம் நல்லது, நடந்துகொண்டே பேசும்போது முகம் தானாக இளகும். ஆனால் வெளியில் நேரம்தான் எல்லாம். சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம் அருமையான வெளிச்சம். உச்சி வெயிலில் கண் குழி இரண்டும் இருண்டுவிடும். மேகமூட்டம் என்று தேதியைத் தள்ளாதீர்கள், அன்றைக்கு வானமே ஒரு பெரிய மென்விளக்கு.

மேக்கப்பில் ஆள் வைப்பதா நாமே போடுவதா என்பதைவிட, எதைப் பூசுகிறோம் என்பதுதான் முக்கியம். டைட்டானியம் டையாக்சைடு, துத்தநாக ஆக்சைடு இருக்கிற சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், அப்புறம் சிலிக்கா பவுடர், இவையெல்லாம் நேராக முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, முகத்தை மட்டும் வெளிறிப்போன மாதிரி காட்டக்கூடும். முதல் நாளே பூசிப் பார்த்து, இருட்டு அறையில் மொபைல் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். வழக்கமாக மேக்கப்பே போடாதவர் அன்றைக்கு மட்டும் முழுசாகப் போட்டால் வேறு ஆளாகத் தெரிவார், நெற்றியிலும் மூக்கிலும் மினுக்கைத் துடைத்தாலே போதும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஃபேஷியல், த்ரெடிங், முடி வெட்டுவது எதையும் முதல் நாள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

கண்ணாடி தினமும் போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே எடுங்கள். கழற்றினால் மூக்கின் இருபுறமும் தழும்பு தெரியும், கண் இடுங்கும், நேரில் பார்க்கிறவருக்கும் அடையாளம் இடறும். எதிரொளிப்பு போட்டோகிராஃபர் கவலை. விளக்கை உயர்த்துவார், அல்லது காதில் மாட்டும் காம்பைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்வார், லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்ததும் பளபளப்பு போய்விடும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருந்தாலும் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சாயல் மிஞ்சலாம். வெயிலில் கறுக்கிற லென்ஸ் மட்டும் வெளியிடத்துக்கு ஆகாது, மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்கட்டும்.

பழகிப் பார்க்கக் கண்ணாடி முன் நிற்பதா, செல்ஃபி எடுப்பதா என்றால் இரண்டும் வேண்டாம். செல்ஃபி முகத்துக்கு ரொம்பக் கிட்டே இருந்து எடுப்பது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டதில் 12 அங்குல தூரத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிந்தது, 5 அடியில் அந்த வித்தியாசம் இல்லை. செல்ஃபியைப் பார்த்து என் மூக்கே சரியில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள், தயவுசெய்து. மொபைலை 5 அடி தள்ளிக் கண் உயரத்தில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவில் வீடியோ எடுத்துப் பாருங்கள். மோவாயைத் துளி முன்னால் நீட்டிக் கொஞ்சம் இறக்கினால் தாடைக்கோடு எடுப்பாகத் தெரியும், செய்யும்போது கோணலாகத் தோன்றினாலும்.

ரீடச், அதாவது எடுத்த படத்தில் பிறகு செய்யும் திருத்தம், பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பரு போகட்டும், மச்சம் இருக்கட்டும்.

கடைசியில் படத்தைத் தேர்ந்தெடுப்பது நாமா, மற்றவர்களா? மற்றவர்கள் என்பேன். 1977இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் பெரும்பாலோர் தங்கள் முகத்தின் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நெருங்கியவர்கள் நேர்ப்படத்தையும் விரும்பினார்கள். தினமும் எதைப் பார்க்கிறோமோ அதுதான் பிடிக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் பொறுக்கித் தந்த படங்கள், நாமே பொறுக்கியவற்றைவிட நல்ல எண்ணத்தை ஏற்படுத்தின என்று 2017இல் இன்னொரு ஆய்வு காட்டியது. கண் மூடியது, மங்கலானது எல்லாவற்றையும் நீங்களே தள்ளிவிட்டுப் பத்துப் பன்னிரண்டாகக் குறைத்து, எதற்கான படம் என்று சொல்லி, உடன் வேலை பார்க்கிற மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டு பேர் ஒரே படத்தைச் சொன்னால் அதையே ரீடச்சுக்கு அனுப்பிவிடலாம்.