சதுர அடைப்பா, வளைவடைப்பா? ஆறு வாரச் சட்ட ஆய்வுப் பயிற்சி, ஒரு மொழிபெயர்ப்பாளர் பார்வையில்

நான் வழக்கறிஞர் இல்லை. ஒப்பந்தம், நோட்டீஸ், தீர்ப்பு என்று வருவதை மொழிபெயர்த்துக் கொடுப்பவள். பதினோரு வருடமாக இதே வேலை. அத்தனை வருடமும் ஒரு தப்பை ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறேன் என்பது இந்த ஆன்லைன் பயிற்சியின் முதல் வாரத்தில்தான் தெரிந்தது. பக்கம் பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, வழக்குகளின் மேற்கோளில் (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் குறிப்பு) வரும் சதுர அடைப்புக்குறியை எல்லாம் வளைவாக மாற்றிவிடுவேன்.

அது அழகு சார்ந்த விஷயமே இல்லை. [1932] ஏ.சி. 562 என்று இருந்தால், ஏ.சி. என்பது தீர்ப்புத் தொகுப்பின் சுருக்கப் பெயர், 562 பக்க எண். அந்தத் தொகுதிக்கு வரிசை எண் கிடையாது, ஆண்டுதான் அதன் அடையாளம். ஆண்டை விட்டால் புத்தகமே கைக்கு வராது. (1868) எல்.ஆர். 3 எச்.எல். 330 என்பதில் 3 தான் தொகுதி எண். ஆண்டு சும்மா உடன் வருகிறது. இங்கிலாந்துத் தீர்ப்புத் தொகுப்புகளின் வழக்கம் இது. பதினைந்து நிமிட வீடியோவில் இதைச் சொல்லி முடித்தார்கள். நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பயிற்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பின்னால் திட்டவும் போகிறேன். கட்டணம் உண்டு, ஆறு வாரம், வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும்தான் இதன் உயிர். எடுத்துக்கொண்டது டொனாஹூ எதிர் ஸ்டீவன்சன். ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கு. பானத்தை வாங்கியது தோழி, குடித்தது வழக்குப் போட்ட டொனாஹூ. அதனால் விற்றவரோடு இவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை, தயாரித்தவர் மேல்தான் வழக்கு. தீர்ப்பின் பக்கங்களை அப்படியே பி.டி.எஃப்-ஆகக் கொடுத்து, "தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றி நீதிமன்றம் சொன்னதை இரண்டு வரியில் எழுதுக" என்றார்கள். பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்தது பிரபுக்கள் சபை, அதன் நீதிபதிகளைப் பிரபு என்பார்கள். நான் முதலில் வந்த பிரபுவின் உரையைப் படித்து, நல்ல நறுக்கான இரண்டு வரி எடுத்து எழுதினேன்.

பூஜ்ஜியம் விழுந்தது. முதலில் அச்சாகியிருப்பது பக்மாஸ்டர் பிரபுவின் உரை. அவர் மாறுபட்டவர். தீர்ப்பு 3-க்கு 2, அவர் அந்த இரண்டில் ஒருவர். ஜெயித்த பக்கத்து அட்கின் பிரபுவின் உரை அதற்கு அப்புறம்தான் வருகிறது. முதலில் நிற்பவர் சொன்னதுதான் சட்டம் என்று எந்த விதியும் இல்லையே! இதை ஒரு வரியில் சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்திருப்பேன். விழவிட்டுப் பிறகு சொன்னதால் இனி மறக்காது.

அடுத்த பூஜ்ஜியம் தலைக்குறிப்பால். தொகுப்பில் தீர்ப்புக்கு மேலே நாலு வரியில் சுருக்கம் இருக்கும், படிக்க இதமாக இருக்கும். அதை எழுதியது நீதிபதி அல்ல, தொகுப்பாளர். வழி தெரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம், மேற்கோளாக எடுக்கக் கூடாது. அங்கேதான் போகிற போக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த நத்தை இருந்ததா என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவே இல்லை. இருந்திருந்தால் வழக்கு நிற்குமா என்ற கேள்விக்குத்தான் 1932-இல் பிரபுக்கள் சபை பதில் சொன்னது.

நான்காம் வாரம் "இந்தத் தீர்ப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறதா?" என்று பார்ப்பது. மேல்முறையீட்டில் கவிழ்ந்ததா, பின்னால் வந்த நீதிமன்றம் ஒதுக்கிவைத்ததா? இதற்கு அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-இல் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பசை தடவிய சீட்டுகளை அச்சடித்து விற்றாராம். வக்கீல்கள் அவற்றைத் தொகுப்பின் ஓரத்தில், அந்தந்த வழக்கின் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பின்னால் எந்தெந்தத் தீர்ப்பு இதைக் குறிப்பிட்டது என்று சீட்டு சொல்லும். அமெரிக்காவில் இந்த வேலைக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் வாரத்துக்கு வருகிறேன். நட்சத்திரக் குறி, மேற்கோள் குறி, 'அல்லது', 'அல்லாத' எல்லாம் வைத்துத் தேடுவது பற்றியது. விஷயம் நல்லது. சொல்லின் வேரோடு நட்சத்திரக் குறி போட்டால் 'நெக்லிஜென்ஸ்', 'நெக்லிஜென்ட்' இரண்டும் சிக்கும், ஆனால் 'கேர்லெஸ்' சிக்காது, அதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். சரி. அதைக் கற்றுக்கொடுத்த லட்சணம்தான் மோசம். திரையைப் பதிவு செய்த வீடியோ, எழுத்து கொசு அளவு. கட்டணத் தரவுத்தளத்துக்குப் பயிற்சியோடு தருவதாகச் சொன்ன நுழைவு மூன்றாம் நாளே செத்துப்போனது. மூன்று மெயில் அனுப்பினேன். பதில் வந்தபோது பயிற்சியே முடிந்திருந்தது, அதிலும் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றுதான் இருந்தது. தேர்வில் ஒரு விடையின் கடைசியில் தவறுதலாக ஒரு இடைவெளி விட்டேன், தப்பு என்று மதிப்பெண் போனது. கணினி மதிப்பிட்டால் இப்படித்தான் போல.

அந்த வாரத்தைப் பணம் கொடுக்காமலேயே சரிக்கட்டினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் தளம் 1992 முதல் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்லீ 1995 முதல், பிரிட்டிஷ் தீர்ப்புகளுக்கு பெய்லீ. மூன்றுமே இலவசம். பழகுவதற்கு இவை போதும்.

ஆறாம் வாரம் ஏ.ஐ. பற்றிய ஒரே பாடம், அதுவும் குட்டியானது. 2023-இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த வழக்குகளை வக்கீல்கள் மனுவில் வைத்தார்கள். 5,000 டாலர் அபராதம். அதில் ஒருவர், இந்த வழக்கு நிஜமா என்று அந்தச் செயலியிடமே கேட்டிருக்கிறார். நிஜம்தான் என்று அது சொன்னது. இதையே ஒரு முழு வாரத்துக்கு இழுத்து, இல்லாத மேற்கோள்கள் நாலைந்தை நம் கையில் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கலாம். கோட்டை விட்டார்கள்.

யாருக்கு ஏற்றது? சட்டக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு முதல் பாதி தெரிந்ததாகவே இருக்கும். என்னைப் போலப் பக்கவாட்டில் நுழைந்தவர்கள், வழக்கறிஞர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், நீதிமன்றச் செய்தி எழுதுபவர்கள் தாராளமாகச் சேரலாம். தள்ளுபடி வந்தால் இன்னும் நல்லது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த அரை பக்மாஸ்டர் பிரபுவுக்கு.

பழைய கோப்புகளைத் திறந்து அடைப்புக்குறிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு வரை நாற்பத்து மூன்று கோப்பு முடிந்தது. 2016-இல் இன்னும் கை வைக்கவில்லை.