ஸ்லீவ் முடிந்து நான்கு வருடம், கோதுமையை விட்டு ஒன்பது வருடம்

சீலியாக் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய்) என்றாலே எலும்பும் தோலுமான ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் 114 கிலோ இருந்தேன். கோதுமையை விட்டதும் குடல் தேறியது, தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டியது. 'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட் என்ற பெயரில் மாவையும் சர்க்கரையையும் நொறுக்கியது வேறு.

எடை குறைக்கும் ஆபரேஷன் என்று முடிவானதும், பைபாஸா, ஸ்லீவா என்பதில்தான் டாக்டர் நிறைய யோசித்தார். பைபாஸில் சாப்பாடு முன்சிறுகுடலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் சேருவது அங்கேதான். சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். பிறகு சாதாரண எண்டோஸ்கோப்பியில் அந்த இடத்தைப் பார்ப்பதும் கஷ்டம். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுப்பார்கள், குடலைத் தொடமாட்டார்கள். அதனால் ஸ்லீவ்.

ஆபரேஷனைவிட மூன்றாம் நாள் வந்த டம்ளர்தான் எனக்கு மறக்கவில்லை. திரவ உணவு என்று பழுப்பு நிறத்தில் ஏதோ வைத்தார்கள். மோந்து பார்த்தேன், மால்ட் வாசனை. மால்ட் என்றால் பார்லி, அதுவும் எனக்கு ஆகாது. கேஸ் ஷீட்டில் "கோதுமை கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தது. "சத்துப் பால்தாங்க அக்கா, குடிங்க" என்றார் வார்டு பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாகக் குறைந்தாலும் கொட்டும், குளூட்டன் உள்ளே போய் இரும்புச்சத்து குறைந்தாலும் கொட்டும். வாந்தியும் அப்படித்தான்: அவசரமாக விழுங்கியதாலா, அக்கா வீட்டு ரசத்தாலா? கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ப்பார்கள், அது அக்காவுக்குத் தெரியாது. எது எந்த நோயின் வேலை என்று பிரிப்பதுதான் இந்த நான்கு வருடத்தில் என்னைப் படுத்திய பாடு. முடி விஷயத்தில் சீலியாக்குக்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சரியாக இருந்தது. பத்தாம் மாதம் முடி திரும்ப முளைத்துவிட்டது.

பி12, இரும்பு, கால்சியம், டி விட்டமின் எல்லாம் ஆயுளுக்கும் உண்டு. மாத்திரையில் கோதுமை ஸ்டார்ச் இருக்கிறதா என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு, இப்போது என்னைக் கண்டதும் அவரே அட்டையைத் திருப்பிப் படிக்கிறார்.

இப்போது 80 கிலோ. நடுவில் 76 வரை போய்த் திரும்பியது. நெஞ்செரிச்சல் ஸ்லீவோடு குடிவந்த ஆள், இன்னும் காலி செய்யவில்லை. ஹோட்டலில் இரண்டு இட்லியோடு வயிறு நிரம்பிவிடுகிறது. சாம்பார் மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப்போகிறேன்.