முன் பிரேக் ஆயில் கண்ணாடிய 'மாத்தியாச்சு'ன்னு சொன்னா உடனே காசு குடுத்துறாதீங்க

பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டி வச்சிருக்கவங்க இத முழுசா படிச்சிருங்க.

என்னோடது 2011 மாடல் பல்சர் 150. வலது ஹேண்டில்பார்ல மாஸ்டர் சிலிண்டர் (முன் பிரேக் ஆயில் டப்பாவும், லிவர் தள்ளுற பிஸ்டனும் இருக்க பகுதி) இருக்குல்ல, அதுல நம்மள பாத்த மாதிரி வட்டமா சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும், பிரேக் ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாக்குறதுக்கு. அது வெயில்ல நின்னு நின்னு மஞ்சளாகி, மயிரிழை மாதிரி விரிசல் விட்டு ஓரத்துல கசிய ஆரம்பிச்சிருச்சு. டேங்க்ல சொட்டின இடத்துல பெயின்ட் கொப்புளிச்சு உரிஞ்சப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

கோயம்புத்தூர்ல வீட்டுப் பக்கத்துல ஒரு பட்டறையில விட்டேன். சாயங்காலம் போனா, "புது கண்ணாடி போட்டாச்சு தம்பி, ஆயிலும் மாத்தியாச்சு"ன்னு 650 ரூபா வாங்கினார். பளபளன்னுதான் இருந்துச்சு, சுத்தி கறுப்பா ரப்பர் ரிங் மாதிரி ஒண்ணு. நம்பிட்டேன்.

மூணாவது வாரம் கோத்தகிரி போயிட்டு மேட்டுப்பாளையம் இறங்குறேன், பின்னாடி என் தங்கச்சி உக்காந்திருக்கா, ஒரு வளைவுல லிவர புடிச்சா பஞ்சு மாதிரி அமுங்கி கிரிப்பையே தொட்டுருச்சு. பின் டிரம் பிரேக்கும் செகண்ட் கியரும்தான் எங்கள காப்பாத்துச்சு. ஓரங்கட்டி பாத்தா அந்த ரப்பர் ரிங் நகத்துல இழுக்க இழுக்க சூயிங்கம் மாதிரி நூல் நூலா வருது. பசைங்க அது! பழைய கண்ணாடியவே எமெரி போட்டு தேச்சு, சுத்தி பசைய அப்பி விட்டிருக்கார். மூடிய கழட்டினா உள்ள டீ கலர்ல அதே பழைய ஆயில்.

போய் கேட்டதுக்கு, "அங்க பிரஷரே வராது தம்பி, ஒட்டினா போதும்"ங்கிறார். காசும் திருப்பித் தரல. அவர் சொன்னதுல பாதி உண்மை, ஆபத்தே அதுலதான் இருக்கு. மேல இருக்க டப்பாவுல பிரஷர் கிடையாதுதான், ஆனா டாட் 3, டாட் 4ன்னு தரம் போட்டு வர்ற பிரேக் ஆயில் பெயின்டையே தின்னுற சாமான், சாதாரண பசைய கொஞ்ச நாள்ல இளக்கிடும். கசிஞ்சு கசிஞ்சு லெவல் இறங்கி அடியில இருக்க ஓட்டை வழியா காத்து போயிருச்சுன்னா, நாம லிவர்ல குடுக்குற அழுத்தமெல்லாம் காத்த நசுக்குறதுக்கே சரியா போயிடும், டிஸ்க்க கவ்வுற பேடுக்கு எங்க போய் சேரும்? ஆயில் பழசா இருக்கதும் சின்ன விஷயமில்ல, டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், காத்துல இருக்க ஈரத்த இழுத்துட்டா அந்தக் கணக்கு 155ன்னு இறங்கிடும், மலை இறங்குறப்ப பிரேக் எப்படி சூடாகும்னு உங்களுக்கே தெரியும்.

அந்தக் கண்ணாடி மட்டும் தனியா நான் கேட்ட கடையில எங்கயும் கிடைக்கல. கடைசியில மாஸ்டர் சிலிண்டரையே முழுசா மாத்தினேன், வேற மெக்கானிக், பக்கத்துலயே நின்னேன். சீல் பிரிக்காத டின்ன என் கண்ணு முன்னாடி உடைச்சு ஊத்தி, காலிப்பர்ல (சக்கரத்துகிட்ட பேட அழுத்துற பகுதி) இருக்க நிப்பிள்ல டியூப் மாட்டி, குமிழி வர்றது சுத்தமா நிக்கிற வரைக்கும் ஏர் எடுத்தார். சொட்டின இடத்துல உடனே தண்ணி ஊத்தி கழுவினார்.

வேலைக்கு விட்டா கழட்டின பழைய சாமான கேட்டு வாங்குங்க, குடுக்க மாட்டேன்னா அங்கயே சந்தேகப்படுங்க. ராத்திரி கண்ணாடிய சுத்தி டிஷ்யூ பேப்பர் கட்டி விட்டு காலையில பாருங்க. ஈரமா இருந்தா அந்த வண்டிய எடுக்காதீங்க.