பைத்தானையும் மைஎஸ்க்யூஎல்லையும் சேர்க்க மூணு டிரைவர், புதுசா வர்றவங்களுக்கு எது?

பைத்தான் ஓரளவு வந்துருச்சு, மைஎஸ்க்யூஎல்ல டேபிள் போட்டு செலக்ட் குவெரி எல்லாம் ஓட்டியாச்சு, ஆனா பைத்தான்ல இருந்து அந்த டேபிளைத் தொடப் போனா மட்டும் எர்ரர் மேல எர்ரர். பைத்தானையும் டேட்டாபேஸையும் பேச வைக்க நடுவுல டிரைவர்னு ஒரு பேக்கேஜ் வேணும், தேடினா மூணு பேர் வந்து நிப்பாங்க: மைஎஸ்க்யூஎல்கிளையன்ட், ஆரக்கிளோட மைஎஸ்க்யூஎல் கனெக்டர், பைமைஎஸ்க்யூஎல்.

மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் சி-ல எழுதினது, நல்ல வேகம், பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவோட டாக்குமென்ட்லயும் இதைத்தான் சிபாரிசு பண்றாங்க. ஆனா லினக்ஸ்ல பைத்தான் பேக்கேஜ் போடுற பிப் வச்சு 'பிப் இன்ஸ்டால்' அடிச்சா உங்க மெஷின்லயே கம்பைல் ஆகப் பாக்கும், கம்பைலரோ மைஎஸ்க்யூஎல் ஹெடர் ஃபைலோ இல்லன்னா ஸ்கிரீன் முழுக்க திட்டும். போதாததுக்கு இன்ஸ்டால் பண்ண ஒரு பேரு, இம்போர்ட் பண்ண மைஎஸ்க்யூஎல்டிபின்னு இன்னொரு பேரு. டேட்டாபேஸ் டாக்கர்ல (புரோகிராமைத் தனி கன்டெய்னர்ல ஓட்டுற டூல்) இருக்குன்னா ஹோஸ்ட்ல லோக்கல்ஹோஸ்ட்னு போடாதீங்க, அது சாக்கெட் ஃபைலைத் தேடிப் போயி 2002 எர்ரரோட திரும்பி வரும், 127.0.0.1னு குடுத்தாதான் போர்ட் வழியா போகும். முதல் நாளே இதெல்லாம் தேவையா?

கனெக்டர் கம்பைல் தொல்லை இல்லாதது. இதுல மாட்டுறது வேற இடத்துல. பிப்ல 'மைஎஸ்க்யூஎல்-கனெக்டர்'னு ஒரு பழைய பேக்கேஜ் இன்னும் கிடக்கு, நமக்கு வேண்டியது கடைசில 'பைத்தான்'னு முடியுறது. பழசைப் போட்டா 'கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட் சப்போர்ட் இல்ல'ன்னு எர்ரர் வரும், ஏன்னா 2018ல வந்த 8.0லயே மைஎஸ்க்யூஎல் பாஸ்வேர்ட் சரிபார்க்குற டீஃபால்ட் முறையை இந்த கேச்சிங் ஷா2-க்கு மாத்திட்டாங்க. நெட்ல தேடினா யூசரைப் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டுக்கு மாத்துன்னு பதில் குவிஞ்சு கிடக்கும், அதை நம்பாதீங்க, 8.4ல அது டீஃபால்ட்டா ஆஃப், 9.0ல தூக்கியே போட்டுட்டாங்க. பழைய பேக்கேஜை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு சரியானதைப் போட்டா முடிஞ்சது. அப்புறம் உங்க ஃபைலுக்கு மைஎஸ்க்யூஎல் டாட் பிஒய்னு பேரு வச்சிராதீங்க, இம்போர்ட் உங்க ஃபைலையே எடுத்துக்கிட்டு 'இது பேக்கேஜே இல்ல'ன்னு சொல்லும்.

என் ஓட்டு பைமைஎஸ்க்யூஎல்லுக்கு. முழுக்க பைத்தான்லயே எழுதினது, இன்ஸ்டால்ல பெருசா எதுவும் ஒடையாது. இங்கயும் அதே கேச்சிங் ஷா2 வந்து நிக்கும், ஆனா கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் வேணும்னு எர்ரரே வாய்விட்டு சொல்லிரும், அதைப் போட்டா ஓடும், எர்ரரைப் படிச்சா வழி தெரியுதுங்கறதே புதுசா வர்றவங்களுக்குப் பெரிய விஷயம். லட்சக்கணக்குல ரோ இழுத்தா வேகம் கம்மிதான், கத்துக்குற ஸ்டேஜ்ல அது கண்ணுக்கே தெரியாது.

அப்படியே பின்னாடி மாறணும்னாலும் கஷ்டமில்ல, மூணும் பைத்தான் டேட்டாபேஸ் டிரைவர்களுக்கான பெப் 249ங்கற ஒரே வரைமுறைலதான் இருக்கு, கனெக்ட், கர்சர், எக்ஸிக்யூட் எல்லாம் ஒண்ணுதான். ரோவை டிக்ஷனரியா வாங்குற விதம் மட்டும் ஒண்ணுக்கொண்ணு மாறும். கமிட் (மாத்தினதை நிரந்தரமா சேமிக்கச் சொல்றது) மூணுலயும் ஒரே மாதிரிதான், எதுல எழுதினாலும் இன்சர்ட்டுக்கு அப்புறம் கமிட் போடலன்னா எர்ரரே வராது, டேபிள் மட்டும் காலியா இருக்கும்.

உபுண்டுல ரூட் யூசரை வச்சு கனெக்ட் பண்ணி 1698 'ஆக்சஸ் டினைட்' வாங்குறவங்க டிரைவரை மாத்தி மாத்திப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, அங்க ரூட் பாஸ்வேர்டைப் பாக்காது, லினக்ஸ் யூசர் யாருன்னுதான் பாக்கும். தனியா ஒரு யூசர் கிரியேட் பண்ணி, உங்க டேட்டாபேஸுக்கு மட்டும் கிராண்ட் குடுத்து, அதை வச்சு கனெக்ட் பண்ணுங்க.